ஐஸ் ஆலையில் ஒரு சுருட்டு நேரம்

சென்ற வாரம் என் மகன் கைபேசியில் ஒரு பழைய ஆட்டத்தைக் காட்டினான். அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் பனித்தரை ஹாக்கியில் ரஷ்யாக்காரர்களை நாலுக்கு மூன்று என்று வென்ற ஆட்டம். படம் மங்கல். வட்டு எங்கே போகிறதென்றே தெரியவில்லை. முடிவு என்னவென்று நாற்பது வருடத்துக்கு மேலாகத் தெரிந்த எனக்கே கடைசி நிமிடங்களில் மூச்சு நின்றுபோய், கையிலிருந்த டீ பாதிக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த லோன்ஜியில் போனது.

"இதுல என்னா அஃபே அதிசயம்?" என்றான் மகன். அப்பா என்பதை அவன் பர்மியில்தான் சொல்வான். என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ் வைத்திருக்கிறான். "சொந்த ஊரு, சொந்த சனம். ரஷ்யாக்காரன் அசந்துட்டான். அவ்வளவுதான்."

"ஐஸ் மேல நின்னு பார்த்திருக்கியாடா நீ?"

"நீங்க நின்னீங்களாக்கும்!"

"நின்னதில்ல," என்றேன் கௌரவமாக. "மண்டி போட்டிருக்கேன். கோல்கீப்பரா. க்யிம்யிண்டைங்குல."

அவன் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஆகவே இதை எழுதி வைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரங்கூனின் க்யிம்யிண்டைங்கில், மீன் இறங்கும் துறைக்குப் பின்னால் எங்கள் வீடு. அதை ஒட்டி ஐஸ் ஆலை. அப்பா அங்கே பாளம் இழுக்கிறவர். ஆள் உயரப் பாளத்தைக் கொக்கியில் மாட்டி, ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டே கொண்டுபோய், மீன்காரர்களின் பெட்டிக்கு நேராக நிறுத்துவார். இருபது வருடத்தில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்று துறை முழுக்கப் பேர். போதாக்குறைக்கு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் மாரியம்மன் கோவிலில் தீ மிதிப்பார். வருடம் முழுக்க ஐஸ், ஒரே ஒரு நாள் நெருப்பு. இரண்டையும் அந்தப் பாதங்கள் சமாளித்துக்கொண்டிருந்தன. ஆகவே ரங்கூனில் பனிக்கட்டி பற்றிக் கருத்துச் சொல்லும் முழு உரிமையும் தனக்கு மட்டுமே என்று அவர் நினைத்ததில் தவறில்லை.

அந்த உரிமையில் கை வைத்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கப்பல்காரர். வருடத்துக்கு ஒரு முறை வருவார். அந்த வருடம் மழையோடு மழையாக வந்து இறங்கியவர், பெட்டியைத் திறப்பதற்கு முன்பே இந்த ஆட்டத்தைத்தான் திறந்தார். அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில், மாலுமிகள் தங்கும் விடுதித் தொலைக்காட்சியில் பார்த்தாராம். எங்கள் ஊருக்குத் தொலைக்காட்சிப் பெட்டி சரியாக வந்து சேராத காலம் அது. மாமாதான் எங்களுக்குத் தொலைக்காட்சி. சோற்றுப்பானை மூடியை வட்டாக்கி, விளக்குமாற்றை மட்டையாக்கி, கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு வழுக்கி வழுக்கி ஓடினார். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டிருந்தோம்.

"அவனுங்க படிக்கிற பசங்க, மச்சான். ரஷ்யாக்காரன் அப்பிடியா? பட்டாளத்துக்காரன். தின்னா ஐஸ், தூங்குனா ஐஸ். எத்தனை வருசமா அவனை யாரும் தொட்டதில்ல தெரியுமா? போட்டி ஆரம்பிக்கிறதுக்கு மூணு நாலு நாளுக்கு முந்தி இதே பசங்களுக்குப் பத்து கோல் போட்டு அனுப்பியிருக்கான்."

"இதே பசங்களுக்கா?" என்று கேட்டாள் அக்கா. கதவு நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"அதே பசங்கதாம்மா."

"பத்து வாங்கிட்டு, திரும்பியும் போய் நின்னாங்களா?"

"நின்னானுங்களே!"

அக்கா இப்படி விளையாட்டில் அக்கறை காட்டியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பந்து என்றால் அவளுக்கு என் தலையில் போடுவதற்கான பொருள், அவ்வளவுதான்.

அப்பா அசையவில்லை. "ரஷ்யாக்காரன் நடுவுல கோல்கீப்பர மாத்தினான்னு நீயே சொன்ன."

"மாத்தினான்."

"அப்ப அவன் தப்பு. இவன் கெட்டிக்காரத்தனம் எங்க வந்துச்சு? அசந்த நேரத்துல அடிச்சான். ஒரு நாள் கூத்து, மாப்ள. தெரியாதவன் தெரிஞ்சவன ஐஸ் மேல ஜெயிக்க முடியாது. நான் சொல்றேன், கேட்டுக்க. ஐஸு ஆளப் பார்த்துத்தான் நிக்க விடும்."

இந்த விவாதம் ஒரு வாரம் நடந்தது. சோறு போடும்போது நடந்தது, டீக்கடையில் நடந்தது, கழிவறைக் கதவுக்கு இருபுறமும் நின்றுகூட நடந்தது. எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அக்காவிடம்தான் வந்து நிற்கும். அக்கா முந்தைய வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வில் தோற்றிருந்தாள். எங்கள் சந்தில் அதுவரை எந்தப் பெண்ணும் அதைத் தாண்டியதில்லை, பையன்களிலேயே ஒருவன்தான். போதும், சுருட்டுக் கம்பெனியில் சுற்றுகிற வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் போகட்டும் என்று அப்பா முடிவு செய்திருந்தார். இன்னொரு தடவை எழுதட்டும் என்றார் மாமா. அம்மா எதுவும் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் அப்பாவின் குழம்பில் மட்டும் உப்புத் தூக்கலாக இருந்தது.

பர்மியர் பண்டிகையான வாஸோ பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியம் அப்பாவுக்குப் பொறுமை போயிற்று.

"சரி. தெரியாதவன் தெரிஞ்சவன ஜெயிப்பான்னு சொல்றியே, காட்டு. நாளைக்கு ஆலை லீவு. விக்காத பாளம் கெடக்கு. நானும் எங்க ஆளுங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம். நீ எவனை வேணாலும் கூட்டிட்டு வா. ஜெயிச்சுக் காட்டு, இவ எழுதட்டும். தோத்துட்டா சுருட்டுக் கம்பெனி. அப்புறம் இந்த வீட்ல யாரும் ரஷ்யாக்காரன் பேச்ச எடுக்கக் கூடாது."

"சரி, எடுக்கல," என்றார் மாமா. சொன்ன பிறகுதான் அவருக்கே முகம் வெளுத்தது. ஐஸ் பாளம் இழுத்தே வயிறு வளர்த்த மூன்று பேருக்கு எதிராக அவரிடம் இருந்தது அவர் ஒருவர்தான்.

மறுநாளுக்குள் இரண்டாவது ஆள் கிடைத்தார். ஆற்றுக்கு அக்கரை டாலாவிலிருந்து படகேறி வந்து எங்கள் தெருமுனையில் சைக்கா ரிக்ஷா மிதிக்கும் கோ லுண். தொடைகள் தேக்கு மரம் மாதிரி. ஐஸை டீக்கடைக் குவளையில் மட்டும் பார்த்தவர். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. மாமாவின் பார்வை கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி என் மேல் வந்து நின்றது.

"நானா?"

"நீதான் கோல்கீப்பர். உனக்கு என்னடா பயம்? விழுறதுக்கு உனக்கு ஒசரமே இல்லியே!"

ஆட்டத்தன்று காலை அம்மா கொடுத்த டீயை எடுத்துக்கொண்டு ஆலைக்கு ஓடினேன். அப்பா விடியும் முன்பே போயிருந்தார். கிடங்கில் பாளங்களை அகலத்தில் நாலு, நீளத்தில் எட்டு என்று பக்கம் பக்கமாகப் படுக்கவைத்து, இடுக்குகளில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டிருந்தார். உமி ஒட்டாமல் துடைத்த ஐஸ், மேல் ஜன்னல் வெளிச்சத்தில் நீலமாக இருந்தது. தினம் பார்க்கிற ஐஸ்தான். ஆனால் அதை விரித்துப் போட்டு நான் பார்த்ததில்லை. ஆற்றின் ஒரு துண்டை யாரோ வெட்டி உள்ளே கொண்டுவந்து போட்டதுபோல் இருந்தது. கூப்பிட வாயெடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பா அதன் நடுவில் இருந்தார். ஐஸ் ஆலைக்காரர்கள் எல்லாரும் வேலைக்கு இறங்குமுன் பாதத்தில் சாக்குத் துண்டு சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொள்வார்கள். ஐஸைப் பிடிப்பது அந்தச் சாக்குதான். அப்பாவின் காலில் அப்போது அது இல்லை. வெறுங்காலோடு, நடை பழகும் குழந்தை மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓர் எட்டு வைத்தார். விழுந்தார். எழுந்தார், இன்னொரு எட்டு. மறுபடி விழுந்தார். துறையே மெச்சிய என் அப்பா! என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார்.

ரகசியமாக ஏதோ புது வித்தை பழகுகிறார், இன்று நம் கதை முடிந்தது என்று புரிந்துகொண்டேன். அந்தச் செய்தியை மாமாவிடம் சொல்லும் தைரியம்கூட வரவில்லை. டீயை வைத்துவிட்டு ஓடிவந்து மூன்று தடவை கழிவறைக்குப் போனேன்.

மதியம் ஆட்டம். ஆலை மேஸ்திரியை எல்லாரும் ஸயா என்போம், அவர்தான் நடுவர். கொக்கி போட்ட கழிகளைப் பறித்து வைத்துவிட்டு ஆளுக்கொரு மூங்கில் மட்டை கொடுத்தார். பக்கத்துக்கு ஒன்றாக மீன் கூடையைச் சாய்த்து வைத்தால் கோல். பால் டின்னின் அடியை வெட்டி மெழுகு ஊற்றிய தகரம்தான் வட்டு. கடிகாரம் யாரிடமும் இல்லை. ஸயா ஒரு பெரிய சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "இது தீர்ற மட்டும்," என்றார். சுருட்டைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் அம்மாவும் கதவோரம் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதிச் சந்து.

என் கவசம் இது: நெஞ்சில் அம்மா கட்டிவிட்ட தலையணை, கையில் சோற்றுப்பானை மூடி, தலையில் மாமா கப்பலிலிருந்து கொண்டுவந்த கம்பளித் தொப்பி. தொப்பி கண் வரை இறங்கியது. அது நல்லதுதான் என்று பட்டது.

அப்போது அப்பா குனிந்து தன் காலிலிருந்த சாக்கை அவிழ்த்தார். கூட இருந்த இருவரையும் அவிழ்க்கச் சொன்னார். அவர்கள் முனகிக்கொண்டே அவிழ்த்தார்கள்.

"வேணாம் மச்சான், கட்டிக்குங்க," என்றார் மாமா.

"தீயில எறங்குன காலுடா இது. ஐஸு என்ன செஞ்சிரும்?"

கூட்டம் ஆகா என்றது. என்ன திமிர் என்று நினைத்தேன். பெருமையாகவும் இருந்தது. அவிழ்த்த சாக்கை அவர் என்னிடம் நீட்டினார். "முட்டியில கட்டிக்க. குளிரும்." இருபது வருட மீன் நாற்றம் அதில். மூக்கைச் சுளித்துக்கொண்டே கட்டிக்கொண்டேன்.

ஆரம்பித்த நாலு மூச்சில் முதல் கோல் விழுந்தது. என் தோளுக்கு மேலே போயிற்றா, காலுக்கு இடையில் போயிற்றா என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது விழுந்தபோது மாரியம்மனை வேண்டிக்கொண்டிருந்தேன். பிறகு அது போதாதென்று பௌர்ணமி நாளாயிற்றே என்று புத்தர் பகோடாவுக்கும் ஒரு வேண்டுதல் வைத்தேன். வெறுங்காலாக இருந்தாலும் ஐஸ்காரர்கள் ஐஸ்காரர்கள்தான். விழுந்தாலும் எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று தெரிந்து விழுந்தார்கள். நம் ஆட்களோ விழும்போது ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள்.

சுருட்டு பாதி எரிந்திருந்தது.

"பத்து வாங்கினவன்கூட நின்னான்!" என்று கதவுப் பக்கமிருந்து ஒரு குரல். அக்கா. அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே அன்றுதான்.

மாமாவுக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை, நிமிர்ந்து நிற்க முயல்வதை விட்டுவிட்டார். புயலில் கப்பல் தளத்தில் நடப்பவர்போலக் காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, ஆட்டத்தோடு ஆட்டமாகத் தானும் ஆடிக்கொண்டு போனார். தகரம் கூடைக்குள் போயிற்று. ஒன்று. கோ லுண் நடக்கவே இல்லை. உட்கார்ந்த வாக்கில் அந்தத் தேக்குத் தொடைகளால் உந்தி உந்தி வந்தார். அடித்தார். இரண்டு. சந்து முழுக்கக் கூவியது. 

மூன்றாவது கோலுக்கு நான்தான் காரணம் என்று இன்று வரை சொல்லிக்கொள்கிறேன். நடந்தது இதுதான். அப்பாவின் ஆள் ஒருவர் முழு பலத்தோடு அடிக்க மட்டையை ஓங்கினார். நான் "அம்மா!" என்று கத்திக்கொண்டு அம்மா இருந்த பக்கம் திரும்பினேன். தகரம் என் பின்புறத்தில் பட்டுத் தெறித்து நேராகக் கோ லுண்ணின் மட்டைக்குப் போயிற்று. எதிர்க்கூடை காலி, எல்லாரும் என் முன்னால்தான் நின்றிருந்தார்கள். மூன்றுக்கு இரண்டு! அந்த ஆட்டத்தின் மகத்தான தடுப்பை நிகழ்த்திய என் பின்புறம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. சந்துப் பையன்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சுருட்டு விரலளவுக்கு வந்துவிட்டது. அதற்கப்புறம் நேரம் நகரவில்லை. அமெரிக்கப் பையன்கள் கடைசிப் பத்து நிமிடம் தாக்குப்பிடித்தார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்பா தகரத்தை எடுத்துக்கொண்டு தனியாக வந்தார். மாமா குறுக்கே விழுந்தார், அப்பா தாண்டினார். கோ லுண் காலைப் பிடிக்கப் பார்த்தார், தப்பினார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஐஸ் மட்டும். அப்பாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. விட்டுக்கொடுக்கிற முகம் இல்லை அது. தீக்குழிக்கு முன்னால் நிற்கும்போதும் இப்படித்தான் இருப்பார் என்று பிற்பாடு பட்டது. நாங்கள் பின்னாலிருந்து முதுகைத்தான் பார்த்திருக்கிறோம்.

எழுந்து ஓடிவிடுவது என்று தீர்மானித்தேன். இதை மறைப்பதில் பயனில்லை. குடும்பம், அக்கா, தேர்வு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட மனப்பூர்வமாக முயன்றேன். முடியவில்லை. முட்டியில் இருந்த ஈரச்சாக்கு ஐஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன், விடவில்லை. பானை மூடியைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்ட இடத்திலேயே அழுதேன்.

அப்பா மட்டையை வீசினார். வீசிய வேகத்தில் ஊன்றியிருந்த கால் வழுக்கியது. துறையில் இருபது வருடமாக விழாத மனிதர் முழு உயரத்துக்கும் மல்லாந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கால்களும் என் முகத்துக்கு நேரே வந்தன. அதுவரை அவற்றை நான் பார்த்ததில்லை. வெடிப்புகள், கரிய தழும்புகள், ஐஸ் கடித்து வெளுத்த திட்டுகள். பயத்தை ஒரு கணம் மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகரம் நிதானமாகச் சுழன்று வந்து என் முட்டியில் முட்டி நின்றது.

"தீர்ந்துச்சு," என்றார் ஸயா. சுருட்டில் இன்னும் இரண்டு இழுப்பு பாக்கி இருந்தது என்று அப்பாவின் ஆட்கள் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சந்தே என்னைத் தூக்க வந்தது, சாக்கு வந்தால்தானே! வெந்நீர் ஊற்றித்தான் பிரித்தார்கள். அப்பா ஐஸ் மேலேயே உட்கார்ந்திருந்தார். மாமா கை கொடுத்தார்.

"என்னா மச்சான், இதுவும் ஒரு நாள் கூத்துதானா?"

அப்பா அந்தக் கையைப் பிடித்து எழுந்தார். கதவைப் பார்த்து, "பொஸ்தகத்த எல்லாம் யாருக்கும் குடுத்துடலியே?" என்றார். அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

அந்த வருடமும் அக்கா தோற்றாள். கணக்கு. மாமா அப்போது நடுக்கடலில் எங்கோ இருந்தார். வாதாட வீட்டில் ஆளில்லை. சுருட்டுக் கம்பெனிதான் என்று நான் நினைத்தேன். அப்பா மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு புதுப் பேனா வாங்கி வந்து அவள் பையில் வைத்தார். மூன்றாம் தடவை அவள் தேறினாள். எங்கள் சந்துப் பெண்களில் முதல் ஆள். இப்போது பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குதான் சொல்லித் தருகிறாள். தோற்றவர்களை வாசலில் நின்று கூப்பிட்டு உட்கார வைக்கிறாள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகன் சொன்னான்: "அப்ப உங்க அஃபே சாக்க அவுத்ததாலதான் ஜெயிச்சீங்க. கணக்குல சேராது."

சேராதுதான். அப்பாவின் திமிரால் கிடைத்த வெற்றி என்றே நானும் வெகுகாலம் சொல்லித் திரிந்தேன். அந்தத் திமிரைப் பற்றிக் கல்யாண வீடுகளில் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். அன்று காலை கிடங்கில் பார்த்ததை மட்டும் ஏனோ அந்த நடிப்பில் சேர்த்ததில்லை. இரண்டு எட்டுக்கு இரண்டு தடவை விழுந்தாரே, வெறுங்கால் அந்த ஐஸில் நிற்காது என்பது அவரைவிட அன்று யாருக்குத் தெரிந்திருக்கும்? தெரிந்துகொண்டுதான் மதியம் அத்தனை பேர் முன்னால் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். பிறகு ஜெயிப்பதற்காகவே ஆடினார், அந்த முகத்தில் பொய் இல்லை. அவிழ்த்த சாக்காலேயே, அக்காவின் பக்கம் நிற்கிற ஒருவன் எழுந்து ஓடிவிடாமலும் பார்த்துக்கொண்டார்.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், அந்தச் சாக்கு நாறியது. அவிழ்த்த கையோடு அவர் நீட்டியபோது அது இன்னும் சூடாக இருந்தது.